மலையில் படித்த இரண்டு வகுப்புகள்

என் மகனுக்கும் மகளுக்கும் மூன்று வயது வித்தியாசம். இருவரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள், பன்னிரண்டாம் வகுப்பில் ஏறக்குறைய ஒரே அளவு மதிப்பெண் வாங்கியவர்கள், இருவரும் கலந்தாய்வு மூலமாகத்தான் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார்கள். மகனின் நான்கு ஆண்டுப் படிப்புக்கு வட்டியைச் சேர்க்காமல் 5,80,000 ரூபாய் ஆகியிருக்கிறது. மகளின் முதலாண்டு முழுவதற்கும் எங்கள் கையிலிருந்து போனது 28,000 ரூபாய். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதை, தமிழ்நாடு-கேரள எல்லையின் இருபுறமும் வாழ்கிற எங்களைப் போன்ற பெற்றோர் பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் கம்பம். மலைக்கு மேலே, கேரளத்தின் வண்டன்மேட்டுப் பக்கத்தில் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணக்குப்பிள்ளையாக இருக்கிறேன். விடியற்காலையில் கம்பம் மெட்டு வழியாக ஏறுகிற ஜீப்புகளில் தொழிலாளர்கள் வந்து மாலையில் இறங்கிவிடுவார்கள். ஆனால் ஸ்டோரில் காய் உலரும் காலத்தில் இரவிலும் ஆள் இருக்க வேண்டும் என்பதால், திருமணமான புதிதிலேயே தோட்டத்து வீட்டில் குடும்பத்தோடு தங்கிவிட்டோம். அதனால் பிள்ளைகள் இருவரும் அருகிலிருந்த கேரள அரசுப் பள்ளியில், தமிழ்வழியில் படித்தார்கள். நல்ல பள்ளி அது. ஆசிரியர்கள் வீடு தேடி வந்து பிள்ளைகளை விசாரிப்பார்கள், மதியம் சோறும் பயறும் போடுவார்கள். அந்தப் பள்ளியைப் பற்றி இன்றுவரை எனக்கு ஒரு குறையும் கிடையாது.

கணக்கு எழுதிப் பிழைப்பவன் என்பதால் வீட்டுச் செலவையும் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. மகன் பிறந்த 2004 முதல் எழுதிய நீள நோட்டுகள் ஒன்பது இருக்கின்றன. ஸ்டோர் அறையிலேயே கிடந்ததால் அவற்றைத் திறந்தால் இப்போதும் ஏலக்காய் வாசம் அடிக்கும். போன மாதம் அவற்றை முதலிலிருந்து புரட்டிக் கூட்டிப் பார்த்தேன். பால், மருந்து, துணி, பண்டிகை, காதுகுத்து என்று முதல் பத்து ஆண்டுகளில் போனதெல்லாம் சிறுகச் சிறுகப் போனதால் எங்களுக்குச் சுமையாகத் தெரியவில்லை. பள்ளிக் கட்டணம் என்று ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

கல்லூரிக்கு முந்தைய பக்கங்களில் மிகப் பெரிய தொகை எதுவென்று பார்த்தால், அது 2017 ஜூன் மாதம் தொடங்குகிறது. கேரளத்தில் யு.பி. பள்ளி எனப்படும் உயர் தொடக்கப் பள்ளி ஏழாம் வகுப்போடு முடிந்துவிடும். எட்டாம் வகுப்புக்கு உயர்நிலைப் பள்ளிக்கு மாற வேண்டும். தமிழ்வழியில் படிக்க வேறு பள்ளி தூரத்தில்தான் இருந்தது. அதனால் மகன் ஏழாம் வகுப்பு முடித்ததும் மனைவியையும் பிள்ளைகளையும் கம்பத்துக்கு அனுப்பினேன். தோட்டத்துக் குடும்பங்கள் பலவும் பிள்ளைக்கு அந்த வயது வரும்போதுதான் மலையிறங்கும். மகன் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பிலும், மகள் ஐந்தாம் வகுப்பிலும் சேர்ந்தார்கள். அன்றிலிருந்து எங்களுக்கு இரண்டு அடுப்பு. வீட்டு வாடகை, முன்பணம், இரண்டு எரிவாயு உருளை, சனிக்கிழமை இறங்கித் திங்கட்கிழமை ஏறுகிற ஜீப் கூலி, டியூஷன் எல்லாமாகச் சேர்ந்து, மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் வரைக்குமான ஐந்து ஆண்டுகளில் 3,40,000 ரூபாய் போயிருக்கிறது. பள்ளிக்கூடம் இலவசம்தான், ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பது இலவசமாக இல்லை. பிள்ளை வளர்ப்புச் செலவு பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் எடுப்பதில்லை.

இதற்கு நடுவில் 2019 வந்தது. முந்தைய ஆண்டின் பெருவெள்ளத்தில் செடிகள் அழுகிப் போயிருந்ததால் ஏலக்காய்க்குக் கடும் தட்டுப்பாடு. அந்த ஆகஸ்டில் ஏலத்தில் அதிகபட்சமாகக் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எனக்கும் ஓர் ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் உண்டு. அந்த ஆண்டு கையில் நின்ற பணத்தில் கம்பத்தில் இருந்த அப்பாவின் பழைய வீட்டை இடித்துக் கட்டினோம். வாடகை மிச்சம் என்று அன்றைக்கு நினைத்தது சரிதான். ஆனால் அதில் ஒரு லட்சத்தை மட்டும் மகன் பெயரில் வைப்பு போட்டிருந்தால், மூன்று ஆண்டு கழித்து வந்த ஆகஸ்ட் மாதத்தை வேறு விதமாகக் கடந்திருப்போம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

2022இல் மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது ஏலக்காய் கிலோ 1,000 ரூபாய்க்குக் கீழே கிடந்தது. கூலிக்கும் உரத்துக்கும் மருந்துக்கும் கொடுத்தது போகத் தோட்டத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. கலந்தாய்வில் கோவைப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தது. தனியார் பொறியியல் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், தரச்சான்று பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000 ரூபாய் என்று கட்டண நிர்ணயக் குழு 2017இல் வகுத்திருந்தது. எங்கள் வீட்டில் அதுவரை பட்டதாரி யாரும் இல்லை என்பதால் முதல் பட்டதாரிச் சலுகையும் கிடைத்து, அந்தத் தொகையில் ஒரு பகுதி குறைந்தது. இதையெல்லாம் கணக்குப் போட்டு, சமாளித்துவிடலாம் என்ற நம்பிக்கையோடுதான் கல்லூரி வாசலில் போய் நின்றோம்.

அங்கே கொடுத்த தாளில் கற்பிப்புக் கட்டணம் ஒரு வரிதான். அதற்குக் கீழே விடுதி, உணவு, விடுதி முன்பணம், ஆய்வகம், நூலகம், சீருடை, பயிற்சி என்று பதினொரு வரிகள் இருந்தன. விடுதிக்கும் உணவுக்கும் மட்டும் ஆண்டுக்கு 80,000 ரூபாய். முதல் தவணையைப் பத்து நாளில் கட்ட வேண்டும் என்றார்கள். கல்விக்கடனுக்கு வங்கியில் விண்ணப்பித்திருந்தோம். ஆனால் அந்த மேலாளர் வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னார். 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக்கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது, பெற்றோர் உடன் கையெழுத்திட்டாலே போதும் என்பதை மகனே படித்துக் காட்டிய பிறகும் இன்று வா, நாளை வா என்று நாட்கள் ஓடின. கடன் கைக்கு வந்தபோது டிசம்பர் ஆகிவிட்டது.

அதனால் ஆகஸ்டில் என் மனைவி தன் சங்கிலியைக் கழற்றினாள். அடகுக் கடையில் அதைக் கல்லில் உரசிப் பார்த்து, தராசில் வைத்து, 24 கிராம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, சங்கிலியோடு சேர்த்துச் சின்ன உறையில் போட்டு ஒட்டினார்கள். ஒட்டிய இடத்தின் மேல் அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவள் தன் பெயரை எழுதிவிட்டு, அந்த உறையை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். 80,000 ரூபாய் கிடைத்தது. மீட்க இரண்டரை ஆண்டு ஆனது. என் நோட்டில் அந்த நாளுக்கு நேரே தொகையை மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

இனி மகளின் கணக்குக்கு வருகிறேன். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்களைத் தமிழ்நாடு அரசு 2020இல் ஒதுக்கியது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் கற்பிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டின் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அடிப்படை நிபந்தனை. எங்கள் மாவட்டத்திலுள்ள கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் அரசுப் பள்ளிகளாகவே கணக்கில் வரும். அரசு உதவிபெறும் பள்ளிகள் வராது.

மகள் ஐந்தாம் வகுப்பிலேயே கம்பத்துக்கு வந்துவிட்டதால் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு ஆண்டும் முழுதாக அமைந்தது. 2025இல் அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தாள். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கில் வருகிறது. 2015இல் அஞ்சலகத்தில் அவள் பெயரில் தொடங்கிய செல்வமகள் சேமிப்பில் மாதம் ஆயிரம் என்று போட்டுவந்த பணமும் கைவைக்காமல் இருக்கிறது; பதினெட்டு வயதுக்குப் பிறகு படிப்புக்காகப் பாதி வரை எடுக்கலாம் என்றாலும் எடுக்க வேண்டிய தேவை வரவில்லை.

மகனும் எட்டு முதல் பன்னிரண்டு வரை கம்பத்து அரசுப் பள்ளியில்தான் படித்தான். அதற்கு முன்பு படித்ததும் அரசுப் பள்ளிதான், அதுவும் தமிழ்வழிதான். ஆறு, ஏழு என்ற இரண்டு வகுப்புகளை மட்டும் மலைக்கு மேலே படித்துவிட்டான். அதனால் அவனுக்கு 7.5 விழுக்காடும் இல்லை. 2024இல் மாணவர்களுக்கென்று வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் இல்லை. தமிழ்நாட்டின் திட்டங்கள் ஆறாம் வகுப்பிலிருந்து எண்ணத் தொடங்குகின்றன. கேரளத்துப் பள்ளிப் படிக்கட்டு ஏழாம் வகுப்பில்தான் திரும்புகிறது. இந்த இரண்டுக்கும் இடையில் எங்கள் பிள்ளைகள் விழுந்துவிடுகிறார்கள். அவன் ஆறாம் வகுப்பு சேர்ந்த 2015இல் இப்படி ஒரு சட்டம் வரும் என்று யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை, ஆகவே யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இப்போது தெரிந்திருக்கிறது. பிறப்பிடத்தாலும் சாதிச் சான்றாலும் ரேஷன் அட்டையாலும் தமிழ்நாட்டவராக இருந்து, பிழைப்புக்காக மலையேறிய கூலிக் குடும்பத்தின் பிள்ளை, அடுத்த மாநிலத்தின் அரசுப் பள்ளியில் தமிழில் படித்திருந்தால், அந்த ஆண்டுகளையும் அரசு சேர்த்து எண்ண வேண்டும் என்று நான் மனமாரக் கேட்கிறேன். இப்படிப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை அரசுக்குப் பெரிய பாரமாக இருக்காது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அது ஒரு சங்கிலி, ஒரு கடன்.

அதுவரை பெற்றோர் தாங்களே கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படிக்காதவர்கள் பொறியியல் கலந்தாய்வுக்கு இருப்பிடச் சான்று கொடுக்க வேண்டும். தோட்டத்தில் என்னோடு வேலை பார்ப்பவரின் மகள் பத்தாம் வகுப்பு வரை கேரளத்தில் படித்தவள். கடைசி வாரத்தில் அந்தச் சான்றுக்காக அவர் நான்கு நாள் கூலியை விட்டு அலைந்தார். முதல் பட்டதாரிச் சலுகை ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் என்பதால், யாருக்கு அது அதிகம் தேவைப்படும் என்று முன்பே யோசித்துவைப்பது நல்லது. குடும்ப ஆண்டு வருமானம் நான்கரை லட்சத்துக்குள் இருந்து, கல்லூரியும் தரச்சான்று பெற்றதாக இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பின் ஓராண்டுக்கும் கல்விக்கடன் வட்டியை மத்திய அரசு ஏற்கும். அதற்கு வருமானச் சான்று வேண்டும். இந்தச் சான்றுகளை இ-சேவை மையத்தில் மார்ச், ஏப்ரலிலேயே விண்ணப்பித்து வாங்கி வைத்துவிட்டால், ஜூலையில் கூட்டத்தோடு நின்று தவிக்க வேண்டியதில்லை. கல்லூரிப் பணம் ஆகஸ்டில் கேட்கப்படும். எங்கள் பக்கத்தில் காய் எடுப்பு அப்போதுதான் சூடுபிடிக்கும், ஏலத்தில் விற்றுப் பணம் கைக்கு வர நாளாகும். ஆகவே முந்தைய பருவத்தின் பணத்திலிருந்தே அதை எடுத்துவைக்க வேண்டும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

மகன் இந்த ஆண்டு இறுதித் தேர்வு எழுதுகிறான். தங்கைக்குக் கிடைத்தது தனக்குக் கிடைக்கவில்லை என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. கடனை நீங்கள் கட்ட வேண்டாம் அப்பா, வேலை கிடைத்ததும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறான்.

பக்கத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்களுடைய பையன் இப்போது ஐந்தாம் வகுப்பு. போன ஞாயிற்றுக்கிழமை பையனின் அப்பா வந்து, "அண்ணே, ஏழு முடிச்சதும் கூட்டிட்டுப் போயிரலாம்ல?" என்று கேட்டார். என் நோட்டை எடுத்து இரண்டு பிள்ளைகளின் பக்கங்களையும் காட்டினேன். பத்து வயதுப் பிள்ளையைக் கம்பத்துக்குப் பக்கத்திலுள்ள கூடலூரில் பாட்டி வீட்டில் விட்டுவிட்டுத் தாய் மலையில் இருப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரே வார்த்தையில் விட்டுவிடு என்று சொல்ல என்னால் முடியவில்லை. இரண்டு நாள் கழித்துக் கணவன் மனைவி இருவருமாக வந்து, ஜூன் மாதம் கூடலூர் அரசுப் பள்ளியில் சேர்க்கலாம் என்று முடிவெடுத்திருப்பதாகச் சொன்னார்கள். நானும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறேன். பையன் வகுப்பில் மலையாளத்தில் முதல் மதிப்பெண் வாங்குகிறவன். அந்தப் பள்ளியில் மலையாளம் சொல்லித் தருவார்களா என்று என்னிடம் கேட்டான். இல்லை என்றேன். அவன் தன் மலையாளப் பாடப்புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.