குதிப்பைப் பற்றி ஓர் உரை

சான் பிரான்சிஸ்கோவின் மாஸ்கோனி மையத்தில் வீடியோ கேம் உருவாக்குகிறவர்களின் மாநாடான கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸுக்கு (ஜிடிசி) வந்திருக்கிறேன். 1988-ல் கேம் வடிவமைப்பாளர் கிறிஸ் கிராஃபோர்டின் வீட்டில் சுமார் 27 பேர் கூடிப் பேசியதில் ஆரம்பித்தது இது. இன்று நகரும் படிக்கட்டில் ஏறவே வரிசை.

கண்காட்சி அரங்கை ஒரு சுற்று சுற்றியதோடு சரி. என்னைக் கட்டிப்போட்டது குதிப்பைப் பற்றிய ஓர் உரை. கேம்களில் பாத்திரம் மேடை விளிம்பைத் தாண்டிய பிறகும் கண நேரம் குதிக்க விடுவார்கள். பேச்சாளர் அந்தச் சலுகையை எடுத்துவிட்டு அதே கட்டத்தை ஆடிக் காட்டினார். பொத்தானைச் சரியாக அழுத்துவதாகத்தான் தோன்றுகிறது, ஆனாலும் பள்ளத்தில் விழுகிறார். திரும்பச் சேர்த்ததும் ஆட்டம் அப்படியே வழுக்கிக்கொண்டு ஓடுகிறது! ஆடுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. இப்படிக் கண்ணில் படாத அக்கறைக்காகத்தான் இந்தத் துறையை இவ்வளவு நேசிக்கிறேன்.

அப்புறம், வர முடியாத நண்பர்களே, பழைய உரைகள் நிறைய ஜிடிசியின் யூடியூப் சேனலில் இலவசமாகவே இருக்கின்றன. முதலில் போஸ்ட்மார்ட்டம் உரைகளைப் பாருங்கள். எது சொதப்பியது, எதையெல்லாம் வெட்டி எறிந்தோம் என்று அந்தந்த கேமை உருவாக்கியவர்களே வந்து மறைக்காமல் சொல்வார்கள்.