நசுங்கும் உருளையிலிருந்து வந்த மடிப்பு

மெல்லிய உருளையை மேலிருந்து அழுத்தினால் கண்டபடி நசுங்கும் என்றுதான் நினைப்போம், ஆனால் பல சமயம் வைர வடிவ மடிப்புகள் ஒழுங்காக வரிசை கட்டி விழும். ஜப்பானிய ஆய்வாளர் யோஷிமாரு யோஷிமுரா இதை ஆராய்ந்தார். நாசாவுக்கு முன்னோடியான நாகா அதை 1955இல் ஆங்கிலத்தில் வெளியிட்டது. ஆக, ஒரிகாமியில் (காகித மடிப்புக் கலை) யோஷிமுரா வடிவம் என்கிற இந்த மடிப்புக்குப் பெயர் வாங்கித் தந்தது காகிதம் இல்லை, மெல்லிய உருளை ஓடுகள் நசுங்கும் விதம்!

அப்புறம் ஜப்பானியப் பொறியாளர் கோர்யோ மியூரா வந்தார். சேதமாகப் பார்க்கப்பட்ட அதே வடிவத்தை வலுவான ஓடாகவே கட்டலாம் என்று 1969இல் எழுதினார். 2001இல் ஜப்பானில் வந்த கிரின் ஹியோகெட்சு மதுபான டின்னிலும் இதே வைரங்கள்தான், திறந்ததும் உள்ளழுத்தம் இறங்கிப் பட்டென்று எழும்பும்.

அழுத்தும்போதே திருகினால் மடிப்புகள் சாய்ந்து விழும், அது கிரெஸ்லிங் வடிவம். அதில் சிலது விரிந்த நிலை, மடங்கிய நிலை இரண்டிலும் தானாகவே நிற்கும். எனக்குப் பிடித்தது அதுதான்.