கத்திரி வெயிலும் டயாலிசிஸும்: ஒரு நாட்குறிப்பு

ஏப்ரல் 28, 2025, திங்கள்

சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தை மெஷினில் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் மையத்தில், காலை முதல் ஷிப்டில் எடை பார்க்கும்போதே ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போயிற்று என்று தெரிந்துவிடும். திங்கள், புதன், வெள்ளி வருபவர்களுக்கு வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில்தான் நீண்ட இடைவெளி. மூச்சு முட்டி அவசரப் பிரிவுக்கு ஓடுவதும், பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறுவதும் அதன் கடைசியில்தான் அதிகம்.

டிரை வெயிட் (உடம்பில் கூடுதல் நீர் இல்லாதபோது இருக்கும் எடை) 50 கிலோ உள்ள இருபது வயதுப் பையன் 54 கிலோவோடு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். கிலோ எடைக்கு மணிக்கு 10 மி.லி. நீர் எடுத்தால் உடம்பு தாங்கும்; 13-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படியென்றால் 4 மணி நேரத்தில் 2 லிட்டர், மிஞ்சிப்போனால் 2.6. நாலு லிட்டரையும் ஒரே மூச்சில் இழுத்தால் வேகம் 20 ஆகிவிடும். ரத்தத்திலிருந்து நீர் போகிற வேகத்துக்குத் திசுக்களிலிருந்து வந்து சேராது. மூன்றாம் மணி நேரத்தில் கெண்டைக்கால் முறுக்கும், பிரஷர் இறங்கும், அன்றைய மிச்சப் பொழுது படுக்கையில் போகும். ‘டயாலிசிஸ் ஒத்துக்கல’ என்று வீட்டில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

‘வயசுப் பையன், தாங்குவான்’ என்று இழுத்துவிடுவது தப்பு. தாங்குவான்தான். ஆனால் வேகமாக இழுப்பதால் இதயத்துக்கு நேரும் பாதிப்பு யாருக்கும் வலிப்பதில்லை. அரை மணி நேரம் முன்னதாக இறக்கிவிடச் சொல்வதற்குப் பதில் 5 மணி நேரம் கேட்பதும், முடியாவிட்டால் மறுநாள் கூடுதலாக ஒரு முறை வருவதும்தான் வழி.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடக்கம். இனி ‘தாகம் தாங்கல’ என்ற பேச்சுதான்.

தாகத்தைத் தண்ணீரோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது, உப்போடுதான் போட வேண்டும். உடம்பில் தங்கும் ஒவ்வொரு 8 கிராம் உப்பும் சுமார் ஒரு லிட்டர் தண்ணீரைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். நாளைக்கு 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன், எல்லாம் சேர்த்து. ஊறுகாய், கருவாடு, வத்தல், பாக்கெட் நூடுல்ஸ் எல்லாம் இந்தக் கணக்கை உடைப்பவை. அப்பளத்தில் உப்பு போதாதென்று அப்பளக்காரத்திலும் சோடியம் இருக்கிறது.

குடிக்கும் அளவு: முந்தைய நாள் போன சிறுநீர், அதோடு 500 மி.லி. இது பொதுக் கணக்கு. அவரவர் அளவை மருத்துவர் சொல்வார். காலையில் அந்த அளவுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் நிரப்பிவிடுங்கள். 100 மி.லி. காபி குடித்தால் பாட்டிலிலிருந்து 100 மி.லி. கொட்டிவிட வேண்டும். ரசம், மோர், கஞ்சி, ஐஸ்கிரீம் எதுவானாலும் இதே விதி. மாலையில் பாட்டில் காட்டுவதுதான் மிச்சம். அதில் ஒரு பங்கை ஐஸ் கட்டியாக உறையவைத்துச் சப்பினால் நெடுநேரம் வரும். சாப்பாட்டிலுள்ள பாஸ்பேட் உடம்பில் சேராமல் தடுக்கும் மாத்திரையை எப்படியும் சாப்பாட்டோடு போட வேண்டியதுதான். சோற்றுக் கவளத்தோடு விழுங்கப் பழகினால் அந்தத் தண்ணீரும் மிச்சம்.

வியர்வை போகிறதே, கூடக் குடிக்கலாமா? தராசைக் கேளுங்கள். தினமும் காலையில் வெறும் வயிற்றில், அதே தராசில். ஒரு நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால் பதில் ‘கூடாது’.

மே 6, செவ்வாய்

இளநீர் சிறுநீரகத்தைக் கழுவும் என்பது டயாலிசிஸில் இருப்பவருக்கு மிக ஆபத்தான அன்பு. 100 மி.லி.யில் சுமார் 250 மி.கி. பொட்டாசியம். ஒரு காயில் 300 மி.லி. இருந்தால் 750, நாள் முழுக்க அனுமதியே 2,000 முதல் 2,500 வரைதான். ‘சோடியம் குறைந்த உப்பு’ பாக்கெட்டில் சோடியத்துக்குப் பதில் இருப்பதும் பொட்டாசியம் குளோரைடே. நட்சத்திரப் பழத்தைத் தொடவே வேண்டாம். அதன் நஞ்சு மூளையைத் தாக்கும். நிற்காத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போகும்.

பொட்டாசியத்தைக் குறைக்க, காயைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சும்மா ஊறவைத்தால் அவ்வளவாக இறங்காது. வடித்த காயில் பொரியல் செய்யலாம். சாம்பாரில்தான் சிக்கல்: காயிலிருந்து இறங்கிய பொட்டாசியம் குழம்பிலேயே இருக்கிறது, அதையே சோற்றில் ஊற்றிக்கொள்கிறோம்.

மே 8, வியாழன்

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பாடப்பிரிவுக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது டயாலிசிஸ் மையம் எத்தனை கிலோமீட்டர் என்பது. திங்கள், புதன், வெள்ளி என்றால் வாரத்தில் மூன்று கல்லூரி நாள் போகும். செவ்வாய், வியாழன், சனி என்றால், சனி விடுமுறையுள்ள கல்லூரியில், இரண்டுதான். மாலை ஷிப்ட் கிடைத்தால் இன்னும் நல்லது. 75 சதவீத வருகைப் பதிவுக்கு இந்த ஒரு மாற்றமே பெரிய உதவி. சிறுநீரகச் செயலிழப்பு, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் இல்லை; சலுகை தானாக வராது. சேரும்போதே மருத்துவர் கடிதத்தைத் துறைத் தலைவரிடம் கொடுத்து வையுங்கள்.

வயிற்று வழி டயாலிசிஸில் (வயிற்றுக்குள் திரவத்தை விட்டு, கழிவோடு வெளியே எடுக்கும் முறை) இருப்பவர்கள் விடுதிக்குப் போகலாம், ஆனால் இடத்தை அளந்து பார்த்துவிட்டு. ஒரு நாளைக்கு 2 லிட்டர் பை நான்கு என்றால் மாதத்துக்கு 120 பை, 240 கிலோவுக்கு மேல். அதோடு கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, மாஸ்க் போட்டு, கை கழுவி அரை மணி நேரம் உட்கார இடம் வேண்டும். வயிற்றிலிருந்து வெளியேறிய திரவம் உள்ள பையை செய்தித்தாள் மேல் வையுங்கள். எழுத்து தெரியாத அளவுக்குக் கலங்கியிருந்தால் கிருமி புகுந்திருக்கிறது. பையைக் கையோடு எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்கு.

மே 13, செவ்வாய்

ஃபிஸ்டுலா: டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து உண்டாக்கும் ரத்தக்குழாய். எழுந்ததும் செல்போனைத் தொடுவதற்கு முன் அதைத் தொட வேண்டும். விரலுக்கடியில் பூனை உறுமுகிற மாதிரி அதிர்வு இருக்கும். அது இல்லையென்றால் மாலை வரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. சில மணி நேரத்துக்குள் போனால் அடைப்பை எடுக்க வாய்ப்புண்டு. அதிர்வு போய் வெறும் துடிப்பு மட்டும் தெரிந்தாலும், ஊசி எடுத்தபின் ரத்தம் நிற்க ஒவ்வொரு முறையும் 20 நிமிடத்துக்கு மேல் ஆனாலும், குழாய் எங்கோ சுருங்குகிறது.

ஒரே இடத்தில் குத்தினால் வலிக்காது, அதனால் பிள்ளைகளே அந்த இடத்தைக் காட்டுவார்கள். அங்கேதான் சுவர் மெலிந்து பலூன் போலப் புடைக்கும். பிறகு அதை மறைக்க வெயிலிலும் முழுக்கைச் சட்டை. ஊசி ஏணிப்படி போல இடம் மாறிக்கொண்டே போக வேண்டும். சட்டை போடலாம், ஆனால் இறுக்கமான மணிக்கட்டுப் பட்டி, வாட்ச், புத்தகப் பை வார், பேருந்தில் தொங்குவது எதுவும் அந்தக் கைக்கு ஆகாது.

மே 19, திங்கள்

மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்து காத்திருப்பவர்களுக்கு: ஹீமோகுளோபின் குறைந்தால் ரத்தம் ஏற்றிக்கொள்வது சுலபமாகத் தெரியும். ஆனால் ஏற்றும் ஒவ்வொரு பையும் எதிர்ப்பொருளை உண்டாக்கலாம். பிறகு பொருந்தும் சிறுநீரகம் கிடைப்பது கடினமாகும். உயிருக்கு அவசரம் இல்லாதவரை ரத்தச் சிவப்பணுக்களை உண்டாக்கத் தூண்டும் எரித்ரோபாய்டின் ஊசியும் இரும்புச் சத்தும்தான் சரி. ஊசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல.

மாற்று அறுவை முடிந்தவர்களுக்கு, புதிய சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. ரத்த அளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகே போட வேண்டும், இல்லாவிட்டால் எண் பொய் சொல்லும். பம்பளிமாஸ் அந்த அளவை ஏற்றிவிடும். அதே வேலைக்குத் தரப்படும் இன்னொரு மருந்தான மைகோபீனோலேட் கருவைப் பாதிக்கும். குழந்தை வேண்டுமென்றால் குறைந்தது 6 வாரம் முன்பே மருந்தை மாற்ற வேண்டும், அதுவும் மருத்துவர் சொல்லித்தான். கல்யாணப் பேச்சுக்கு முன்பே பெண் பிள்ளைகளிடம் நேரடியாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது. பெரும்பாலும் அம்மாவிடம்தான் சொல்கிறார்கள்.

மே 28, புதன்

கத்திரி முடிகிறது. டிரை வெயிட்டைத் திரும்பப் பார்க்க வேண்டிய நேரம். வெயிலில் பசி மந்தமாகி உண்மையான சதை ஒரு கிலோ குறைந்திருந்தால், தராசு பழைய எண்ணைக் காட்டும்போது உள்ளே ஒரு லிட்டர் நீர் ஒளிந்திருக்கிறது. டயாலிசிஸ் முடிந்தும் பிரஷர் இறங்காது, படுத்தால் இருமல், கால் வீக்கம். இதற்கு நேரெதிரும் உண்டு: டயாலிசிஸ் தொடங்கிப் பசி திரும்பிய பிள்ளைக்குச் சதை ஏறும், பழைய எண்ணுக்கே இழுத்தால் தலைசுற்றி விழும். அப்போது எண்ணை அரை கிலோ அரை கிலோவாக உயர்த்தி, ஒவ்வொரு முறையும் நிற்கவைத்து பிரஷர் பார்க்க வேண்டும்.