நகராத ரயில்

ரயில் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெனிஸ் மட்டும் ஓடுகிறது.

'லெட்டர் ஃப்ரம் ஆன் அன்நோன் வுமன்' (முகம் தெரியாத ஒரு பெண்ணின் கடிதம்) என்ற 1948 படம். வியன்னாவின் பிராட்டர் பூங்காவில் ஒரு பொய் ரயில்பெட்டி. உள்ளே நாயகி ஜோன் ஃபான்டைன், நாயகன் லூயி ஜோர்டான். வெளியே ஒரு கிழவர் சைக்கிள் மாதிரி ஒன்றில் உட்கார்ந்து பெடலை மிதிக்க, தீட்டி வைத்த ஊர்கள் உருண்டு போகின்றன.

வெனிஸ் முடிந்ததா, சுவிட்சர்லாந்து. அதற்குத் தனிக் காசு. கடைசியில் ஊர்களே தீர்ந்துவிடுகின்றன. சரி, முதலிலிருந்து இன்னொரு சுற்று என்கிறான் நாயகன்.

பெண்கள் விஷயத்திலும் அவன் அப்படித்தான். இயக்குநர் மாக்ஸ் ஓஃபுல்ஸ் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

படத்துக்கு மூலமான ஸ்டெஃபான் ஸ்வைக்கின் 1922 குறுநாவலில் இந்த ரயிலே கிடையாது. அவன் அங்கே எழுத்தாளன், பெயரும் 'ஆர்.' என்ற ஓரெழுத்துதான். ஹோவர்ட் காக்கின் திரைக்கதை அவனைப் பியானோக்காரனாக்கியது. சரியான மாற்றம். பேனா ஓடுவது பக்கத்து வீட்டுச் சிறுமியாக இருந்த நாயகிக்குக் கேட்காது, பியானோ கேட்கும்.

ஆனால் ரோஜா விஷயத்தில் என் ஓட்டு புத்தகத்துக்கே. படத்தில் அவன் அவளுக்கு ஒரே ஒரு வெள்ளை ரோஜா வாங்கித் தருகிறான். கதையில் அனுப்புகிறவள் அவள், ஆண்டுதோறும் அவன் பிறந்தநாளுக்கு.

அவள் கடிதம் வந்த பிறந்தநாளன்று, மேஜையில் அந்த ரோஜாக்களுக்கான நீலச் சாடி காலி.