பள்ளிக்குச் சுற்றுச்சுவர்: டி.டி.யை முன்கூட்டியே எடுத்துவிடாதீர்கள்

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு ஒருவழியாகச் சுற்றுச்சுவர் எழும்பிவிட்டது. 'நமக்கு நாமே' திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை ஊரார் கட்டினால் மீதியை அரசு போடும் என்பது தெரிந்ததுதான். ஆதிதிராவிடர், பழங்குடியினர் அதிகம் வசிக்கும் பகுதி என்றால் ஐந்தில் ஒரு பங்கே போதும். இந்தச் சலுகையை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போட்டோம். ஓவர்சியர் வந்து அளந்து 6 லட்சத்துக்கு எஸ்டிமேட் போட்டார். எங்கள் பங்கு 2 லட்சம். வசூலில் ஒரு சிக்கலும் இல்லை. சேர்த்த பணத்தை டி.டி.யாக (வங்கி வரைவோலை) அரசிடம் கொடுப்பதில்தான் எல்லாச் சிக்கலும்!

"டி.டி. இருந்தாத்தான் ஃபைல் நகரும்" என்றார் அலுவலகத்தில் ஒரு எழுத்தர். சரி என்று, சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் தன் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். டி.டி.க்கு ஆயுள் 3 மாதம்தான். ஃபைல் அதைவிட நீண்ட தூக்கம் போட்டது. எழுப்பிப் பார்த்தால் டி.டி. காலாவதி. அதற்குள் அரசின் புதிய கட்டுமான விலைவிகிதம் வந்து எஸ்டிமேட்டும் ஏறியிருந்தது. "நீங்கதான் லேட்டு" என்று அதே எழுத்தர் கூசாமல் சொன்னார்.

புதுப்பிக்க வங்கிக்குப் போனால், எடுத்தவர் கையெழுத்து வேண்டுமாம். கூரியரில் வரவழைத்த கடிதத்தை, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பினார்கள். மறுபடி ஒரு கடிதம், கூடவே பாஸ்போர்ட் நகல். அப்புறம்தான் இறங்கி வந்தார்கள்.

ஆகவே, எஸ்டிமேட் இறுதியாகி, தொகையும் யார் பெயருக்கு என்பதும் எழுத்தில் வந்தபின் டி.டி. எடுங்கள். அதுவும் உள்ளூரிலேயே இருப்பவர் கணக்கிலிருந்து. கொடுக்கும் ஒவ்வொரு தாளின் நகலிலும் 'பெறப்பட்டது' முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். எங்களைக் காப்பாற்றியது அந்த முத்திரைதான். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியர் முன்னால் நகலை நீட்டினோம். யார் தாமதம் என்று தேதியே சொல்லிவிட்டது. அந்த வாரமே ஃபைல் நகர்ந்தது. எழுத்தரும் அதன்பின் "வாங்க, உக்காருங்க" என்றார்.

பாதிக்குமேல் ஊரார் பங்கு இருந்தால் டெண்டர் இல்லாமல் நாமே வேலையைச் செய்யலாம். எங்களால் அவ்வளவு திரட்ட முடியவில்லை. டெண்டர் எடுத்த ஒப்பந்ததாரர் மோசமில்லை. மகளிர் குழு அக்காமார் முறைவைத்து நின்று சிமெண்ட் கலவையைப் பார்த்துக்கொண்டதும் காரணமாக இருக்கலாம். கட்டிய சுவரைத் தண்ணீர் விட்டு ஈரமாக வைப்பதில் ஒரு வேளை தவறினாலும் ஒப்பந்ததாரருக்குப் போன் பறந்தது.

இன்னொன்று, எஸ்டிமேட்டைக் கையெழுத்துக்கு முன் வரிவரியாகப் படியுங்கள். எங்களுடையதில் சுவர் இருக்கிறது, பூச்சு இருக்கிறது, வெள்ளையடிப்பு இருக்கிறது. கேட் இல்லை. அதற்கு இப்போது தனியாக வசூல் நடக்கிறது, இந்த முறை நேராகப் பட்டறைக்கே கொடுத்துவிடுவதாக உத்தேசம்.