மக்கிப்போகும் கூரை: கொட்டகைக்கு வேய்ந்து பார்த்த ஓராண்டு

தோட்டக் கருவிகள் வைக்க ஆறடி அகலத்தில் ஒரு கொட்டகை போட்டேன். தகடு வாங்கிப் போட்டிருந்தால் ஒரு நாள் வேலை. ஆனால் காலம் முடிந்ததும் மண்ணோடு மண்ணாகிவிடும் கூரையை என் கையாலேயே வேய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஒரு பக்கம் தென்னங்கீற்று, மறுபக்கம் விழல் என்னும் உயரமான புல் என்று பிரித்துக்கொண்டேன்.

முதல் முறை இரண்டு பக்கமும் ஒழுகின. ஓலையில் குறையில்லை, வாட்டம்தான் போதவில்லை. முகட்டை ஒன்றே முக்கால் அடிதான் தூக்கியிருந்தேன். சரிவு 30 டிகிரி. ஓடும் தகடும் அதைத் தாங்கும், வேய்ந்த கூரை தாங்காது. மழைத்துளி ஒரு புல்தாளின் நுனியிலிருந்து அடுத்த தாளின் நுனிக்குத் தாவித் தாவி இறவாணத்துக்கு, அதாவது கூரையின் கீழ்விளிம்புக்கு, வந்து சேர வேண்டும். சரிவு குறைந்தால் அது தாவாமல் தாளோடு ஒட்டிக்கொண்டு உள்ளே இறங்கிவிடுகிறது. விழல், நாணல் போன்றவற்றுக்குக் குறைந்தது 45 டிகிரி வேண்டும். ஜப்பானின் ஷிரகாவா-கோ என்ற மலைக்கிராமத்தின் புல்வேய்ந்த வீடுகளில் பனி சறுக்கி விழுவதற்காகக் கிட்டத்தட்ட 60 டிகிரியில் நிறுத்துகிறார்கள். எல்லாவற்றையும் பிரித்து, முகட்டை மூன்றேகால் அடிக்கு உயர்த்தினேன். பிரித்த பழைய கீற்றைக் கட்டோடு அப்படியே உரக்குழியில் போட்டேன்.

இரண்டாம் முறை அவசரப்படவில்லை. தென்னை மட்டையை நடுவில் பிளந்து சில நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, பதமானதும் முடைந்தேன். கீற்றைத் தாங்கும் குறுக்குக் கழியான வரிச்சை ஆறு அங்குலத்துக்கு ஒன்றாகக் கட்டினேன். எந்த இடத்தில் கை வைத்தாலும் நாலு அடுக்கு ஓலை இருக்கும். விழலைக் கைப்பிடி கைப்பிடியாக அடித்தண்டு கீழே பார்க்க அடுக்கி, மேலே ஒரு கழி வைத்து இறுக்கினேன். ஒரு சாண் கனம் வந்தது. இந்த இறுக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு விரல் எளிதாக நுழைந்தால் அங்கே தண்ணீரும் நுழையும்.

அதற்குப் பின் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலை ஏணி போட்டு ஏறி விழலை விலக்கிப் பார்த்தேன். மேலே கறுத்துச் சொதசொதவென்று இருந்தது. இரண்டு விரல்கடை ஆழத்தில் நிறம் மாறியது. அதற்குக் கீழே வேய்ந்த அன்றிருந்த அதே வைக்கோல் மஞ்சள், தொட்டால் சரசரவென்ற ஓசை. ஏணியிலேயே வெகுநேரம் நின்றிருந்தேன்.

இடையில் ஒரு பக்க ஓரத்தில் மட்டும் ஆளிவிதை எண்ணெய் பூசிப் பார்த்தேன். தப்பான யோசனை. பூச்சுக்கு அடியில் புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் அங்கேதான் முதலில் வெள்ளைப் பூசணம் பிடித்தது. மரமானாலும் ஓலையானாலும் உள்ளீரம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நனைவதைவிட நனைந்தபின் காயாமல் இருப்பதுதான் ஆபத்து. அந்த ஓரத்தை வெட்டி எடுத்துவிட்டேன். (எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள், தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயவைக்க வேண்டும்.)

மரத்தூளில் காளான் வித்து கலந்து ஒரு பலகையும் வளர்த்தேன். இரண்டு வாரத்தில் காளானின் வெண்ணிழை தூளை இறுகப் பிடித்துக்கொண்டது. அடுப்பில் காயவைத்ததும் தக்கைபோல் ஆனது. வெயில் மழையில் வைத்தபோது மேல்தோல் நீரை உருட்டிவிட்டது, வெட்டிய ஓரங்களோ குடித்துக் குடித்துப் பருத்தன. வெளிக்கூரைக்கு ஆகாது என்பது என் முடிவு. இப்போது அது கீற்றுக்கு அடியில், வெப்பத்தைத் தடுக்கும் உள்பலகையாக இருக்கிறது. அந்த வேலைக்கு அருமையான பொருள்.

தீர்க்க முடியாமல் நிற்பது தீ. போராக்ஸ் (வெண்காரம்) கரைசலில் முக்கினால் பூச்சியும் தீயும் ஓரளவு கட்டுப்படும். ஆனால் மழை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போய்விடும். அதனால் கொட்டகைக்கு அருகில் அடுப்போ நெருப்போ வைப்பதில்லை.

போன வாரம் உரக்குழியைக் கிளறினேன். முதல் கூரையின் கீற்று கறுப்பு மண்ணாகிவிட்டது, நடுநரம்பு மட்டும் அங்கங்கே ஈர்க்காக மிஞ்சியிருக்கிறது, புழுக்கள் நெளிகின்றன. கையில் ஏதோ தட்டியது. நீல நைலான் முடிச்சு. போட்டது போட்டபடி, இறுக்கம்கூடத் தளரவில்லை. ஒரு கைப்பிடி தேறியது.

இப்போதைய கூரையையும் அதே நைலான் கயிற்றால்தான் கட்டியிருந்தேன். தேங்காய் நாரோ மக்கக்கூடியது; ஆனால் மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் அதில் அதிகம், அதனால் சீக்கிரம் மக்காது. ஓலையின் ஆயுளுக்கு நார்க்கயிறு தாராளமாகப் போதும். ஞாயிற்றுக்கிழமை கீற்றுப் பக்கம் முழுவதும் நைலானை அறுத்துவிட்டுத் தேங்காய்நார்க் கயிற்றால் மாற்றிக் கட்டினேன். விழல் பக்கம் இன்னும் நாற்பது முடிச்சு பாக்கி.