கேள்விக்குறி எங்க வரும்?

கதையா வர்ற வார்த்தைக் கணக்க ஆரம்பத்துல நானும் எல்லாரையும் மாதிரிதான் சொல்லிக்குடுத்தேன். "மொத்தம்"னு வந்தா கூட்டு, "மீதி"ன்னு வந்தா கழி, "அதிகம்"னு வந்தா கூட்டு. சார்ட் பேப்பர்ல கலர் கலரா எழுதி சுவத்துல வேற ஒட்டி வச்சேன். ரெண்டாம் வகுப்பு வரைக்கும் வண்டி ஓடுச்சு. மூணாம் வகுப்புல ஒரு நாள் போர்டுல இப்படி எழுதினேன்: "கவினை விட மீனாகிட்ட 6 பாசிமணி அதிகம். மீனாகிட்ட 15 மணி இருக்கு. கவின்கிட்ட எத்தனை?" பாதிக்கு மேல 21ன்னு எழுதி நீட்டுனாங்க. தப்புன்னு சொன்னதும் ஒரு பொண்ணு சுவத்த காட்டி, "அதிகம்னா கூட்டணும்னு நீங்கதான மிஸ் ஒட்டி வச்சிருக்கீங்க"ன்னா. என்ன பதில் சொல்றது? அன்னைக்கு சாயந்திரம் அந்த சார்ட்ட கிழிச்சு எடுத்துட்டேன்.

அப்புறம்தான் பார் மாடல் பக்கம் போனேன், அதாவது கணக்க பட்டை பட்டையா வரைஞ்சு பாக்கற முறை. சிங்கப்பூர்ல 1980களோட தொடக்கத்துல கோ டெக் ஹாங்னு ஒருத்தர் தலைமையில பாடநூல் குழு உருவாக்கினது. அதுக்கு முன்னாடி அங்க நடந்த ஆய்வுல, "மொத்தம்", "மீதி" மாதிரி வார்த்தை கணக்குல இருந்தா 2லேர்ந்து 4ஆம் வகுப்பு பிள்ளைங்க 87 சதவீதம் பேர் போட்டுட்டாங்க, அந்த வார்த்தை இல்லைன்னா 46 சதவீதம்தான். இத படிச்சப்ப என் சார்ட் பேப்பர்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. பிள்ளைங்க கணக்க படிக்கவே இல்ல, வார்த்தைய வேட்டையாடிட்டு இருந்திருக்காங்க, வேட்டைக்கு துப்பாக்கி குடுத்தது நான்.

விஷயம் ரொம்ப எளிமைதான். தெரிஞ்ச அளவ ஒரு நீளக் கட்டமா வரையணும், ரெண்டு பேர ஒப்பிட்டா ரெண்டு கட்டம், ஒண்ணுக்கு கீழ ஒண்ணு, இடது ஓரம் சமமா. தெரியாத இடத்துல கேள்விக்குறி. ஆனா நேரா நோட்டுல வரையச் சொன்னா ஆகாது. மொதல்ல க்யூப். 5 க்யூப், 3 க்யூப் ஒட்டி வச்சு தொட்டு எண்ணணும், அப்புறம் அத சுத்தி பேப்பர்ல கோடு, அப்புறம் உள்ள இருக்கற சின்ன கட்டமெல்லாம் எடுத்துட்டு வெறும் பட்டை மேல 8ன்னு நம்பர் மட்டும். இந்த கடைசி தாவல்தான் கஷ்டம், நான் அத ஒரே பீரியட்ல முடிச்சிரலாம்னு நினைச்சேன், மூணு வாரம் ஆச்சு. ஒரு பையன் ஸ்கேல எடுத்துட்டு வந்து, "மிஸ், 48க்கு எத்தனை சென்டிமீட்டர் போடணும்"ங்கறான். நீளத்த அளக்க வேணாம்டா, எது பெருசு எது சின்னதுன்னு தெரிஞ்சா போதும்னு சொன்னா அவனுக்கு மனசு ஆறல, நோட்டு முழுக்க அளந்துதான் போட்டான்.

தமிழ்ல சொல்லிக்குடுக்கறப்ப இன்னொரு சிக்கல் இருக்கு, இத யாரும் எனக்கு சொல்லல, நானா முட்டிக்கிட்டு கண்டுபிடிச்சது. "கவினை விட மீனாகிட்ட அதிகம்"னு சொல்றப்ப கவின் பேருதான் முதல்ல காதுல விழுது. பிள்ளைங்க கவினுக்கு மொதல்ல கட்டம் போடுவாங்க, மொதல்ல போடற கட்டத்த எப்பவும் பெருசா போடுவாங்க, அவ்ளோதான், கதை தலைகீழ். இப்ப நான் பென்சில எடுக்க விடறதுக்கு முன்னாடியே கேட்டுடறேன்: "யார்கிட்ட கம்மி?" வாயால சொல்லிட்டு வரைஞ்சா முக்கால்வாசி தப்பு வராது. "3 மடங்கு"ங்கறது பிரச்சனையில்ல, "3 மடங்கு அதிகம்"னா மூணு கட்டமா நாலு கட்டமான்னு ஸ்டாஃப் ரூம்ல ஒரு மதியம் பூரா சண்டை. நான் அந்த சொல்லையே கணக்குல எழுதறது இல்ல.

மடங்கு கணக்குலதான் இந்த முறையோட அருமை தெரியும். ரெண்டு பேர்கிட்டயும் சேர்த்து 32 மணி, மீனாகிட்ட இருக்கறது கவினோடத மாதிரி 3 மடங்கு. பட்டை வரையாத பிள்ளை 32ஐ 3ஆல வகுக்கப் போய் நடுவுல முழிக்கும். வரைஞ்சா கவினுக்கு ஒண்ணு, மீனாவுக்கு மூணு, ஆக நாலு கட்டம் கண்ணு முன்னாடி நிக்குது, ஒரு கட்டம் 8, மீனாவுக்கு 24. ஒரு அப்பா வந்து "எதுக்கு மேடம் இவ்ளோ படம், எக்ஸ்னு வச்சு போட்டா ரெண்டே வரி"ன்னார். சார், அந்த ஒத்த கட்டம்தான் உங்க எக்ஸ், எட்டு வயசுல அதுக்கு உருவம் வேணும், எழுத்து அப்புறமா வரட்டும்னு சொன்னேன். ஒத்துக்கிட்டாரான்னு தெரியல, தலைய ஆட்டிட்டு போனார்.

நடுவுல நானே இத கெடுக்கவும் செஞ்சேன். படம் இல்லாட்டி ஒரு மார்க் கட்னு ரூல் போட்டேன். என்ன ஆச்சுன்னா விடைய மொதல்ல மனசுல போட்டுட்டு, அதுக்கு ஏத்த மாதிரி படத்த பின்னாடி வரைய ஆரம்பிச்சாங்க. 7 கூட்டல் 5க்கெல்லாம் கலர் பென்சில்ல கட்டம். சிலதுல கட்டம் அவ்ளோ அழகு, விடை தப்பு. பழைய சார்ட் பேப்பரேதான், இந்த தடவ கட்டம் கட்டி வந்திருக்கு. ரூல எடுத்துட்டு, நம்பரே இல்லாம கணக்கு குடுக்க ஆரம்பிச்சேன். "மீனாகிட்ட கொஞ்சம் மணி இருந்துச்சு, பாதிய தம்பிக்கு குடுத்தா, அப்புறம் இன்னும் கொஞ்சம் வாங்கினா. வரைஞ்சு காட்டு." கூட்டறதுக்கோ கழிக்கறதுக்கோ ஒண்ணும் இல்லாததால கதைய கேட்டுத்தான் ஆகணும். "கேள்விக்குறி எங்க வரும்?"னு மட்டும் கேப்பேன். விரல எங்க வைக்குதுன்னு பாத்தா அந்தப் பிள்ளை என்ன படிச்சிருக்குன்னு தெரிஞ்சிரும், விடைய பாக்கவே வேணாம்.

எல்லாத்துக்கும் இது ஆகும்னு சொல்ல மாட்டேன். கடிகார நேரக் கணக்குக்கு எண்கோடு போட்டு அதுல தாவித் தாவி எண்றதுதான் சுலபம், பரப்பளவுக்கு அதுக்குன்னு படம் இருக்கு. எங்கயும் பட்டைய திணிச்சா குழப்பம்தான்.

குடுத்து வாங்கற கணக்குல இன்னமும் தடுமாறறாங்க. "கவின் மீனாவுக்கு 6 மணி குடுத்தான், இப்ப ரெண்டு பேர்கிட்டயும் சமம். முன்னாடி கவின்கிட்ட எத்தனை அதிகமா இருந்துச்சு?" வகுப்பே ஒரே குரல்ல "ஆறு". போன வாரம் ரெண்டு பேப்பர் பட்டைய குடுத்து, சரி, குடுத்துக் காட்டுங்கன்னேன். அந்த ஸ்கேல் பையன் நீளமான பட்டைல வெளிய நீட்டிட்டு இருந்த துண்ட பாத்துட்டே இருந்தான். அத அப்படியே கிழிச்சு கீழ் பட்டையோட வச்சான், இப்ப அது நீண்டு போச்சு. "ஐயோ"ன்னான். புது பட்டை கேட்டு வாங்கினான். இந்த தடவ நீட்டிட்டு இருந்தத மட்டும் பாதியா மடிச்சான், மடிப்புல கிழிச்சான், கீழ வச்சான். ரெண்டும் சரியா நின்னுச்சு. மடிச்ச ரெண்டு பாதியையும் விரலால தொட்டு "ஆறு, ஆறு"ன்னு சொல்லிட்டு, "பன்னெண்டு மிஸ்"னான். நோட்டுல வரையறப்ப மடிப்பு இருந்த எடத்துல புள்ளி புள்ளியா ஒரு கோடு போட்டிருந்தான். நான் சொல்லிக்குடுத்ததுல புள்ளிக்கோடுன்னு ஒண்ணு கிடையாது. ஸ்கேல் வச்சுதான் போட்டிருந்தான், அது வேற விஷயம்.